தூங்காத மூன்று பாட்டுகள்: குரலுக்கும் நான்கு கருவிகளுக்கும் எழுதப்பட்ட ஓர் இசைப்படைப்பின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

சென்னையில் மேற்கத்திய இசையமைப்பு படித்த ஓர் இளைஞர், தமிழ்ப் பாட்டுக்குச் சேம்பர் இசை எழுத விரும்பினார். ஒவ்வொரு பகுதிக்கும் ஒரே கலைஞர், நடத்துநர் கிடையாது, நூறு பேர் உட்காரும் சிறிய அரங்கு என்பதுதான் சேம்பர் இசையின் அடிப்படை. பாடுவதற்கு அவர் தேர்ந்தெடுத்தவர் கர்நாடக சங்கீத மேடையில் நீண்ட அனுபவமுள்ள பாடகி. புல்லாங்குழல், கிளாரினெட், வயோலா (வயலினைவிடச் சற்றுப் பெரியது), செல்லோ (அதைவிடவும் பெரியது, தாழ்ந்த ஒலி) வாசித்த நால்வரும் மேற்கத்திய முறையில் பயின்றவர்கள். அவர்களில் இருவருக்குத் தமிழ் தெரியாது. ஒத்திகைகளை ஒருங்கிணைப்பது என் பொறுப்பு. இசையமைப்பாளருக்கும் மற்றவர்களுக்கும் நடுவில் நின்று பார்த்ததை வைத்தே இதை எழுதுகிறேன்.

முதலில் அவர் எடுத்தது ஒரு நவீன கவிதை. கவிஞர் காலமானபின் 60 ஆண்டுகள் வரை பதிப்புரிமை உண்டு என்பதால் வாரிசுகளின் அனுமதி தேவைப்பட்டது. கடிதத்துக்குப் பதில் வரவில்லை. அனுமதி தேவைப்படாத குறுந்தொகைக்கு வந்துசேர்ந்தது அப்படித்தான். அதிலிருந்து ஊர் தூங்கும்போது தூங்காதவர்கள் பேசும் மூன்று பாட்டுகளை எடுத்தார்: பதுமனாரின் ‘நள்ளென் றன்றே யாமம்’ (6), கொல்லன் அழிசியின் ‘கொன்னூர் துஞ்சினும்’ (138), ஔவையாரின் ‘முட்டு வேன்கொல்’ (28). மூன்றும் சேர்த்துப் பதினான்கே அடிகள். என் பார்வையில் இந்தத் தேர்வே பாதி வேலையை முடித்துவிட்டது. மூன்று பாட்டுகளும் ஒலியைப் பற்றியவை: ஒன்றில் ஊரே அடங்கிய அமைதி, ஒன்றில் பூ விழும் ஓசை, ஒன்றில் கூவலாமா என்ற தவிப்பு.

பியானோ வேண்டாம் என்று தொடக்கத்திலேயே முடிவுசெய்தார். அதன் ஸ்வரங்கள் அசையாமல் நிற்பவை. பாடகியின் கமகத்தோடு, அதாவது ஸ்வரத்தை அசைத்துப் பாடும் முறையோடு, அவை ஒட்டாது. வயலினை விட்டதற்குக் காரணம் வேறு. நம் காதுக்குப் பாட்டோடு வயலின் கேட்டால் அது பக்கவாத்தியமாகிவிடும். குரலின் நிழலாக வருவதைத்தான் எதிர்பார்ப்போம். வயோலாவுக்கு அந்தச் சுமை இல்லை.

அவர் மனத்தில் இருந்த முன்மாதிரிகளையும் சொல்லிவிடுகிறேன். ஆழ்ந்த பெண்குரலுக்கும் வயோலாவுக்கும் பியானோவுக்கும் ஜெர்மானிய இசையமைப்பாளர் பிராம்ஸ் எழுதி 1884இல் வெளிவந்த இரண்டு பாட்டுகள். ஆஸ்திரிய இசையமைப்பாளர் ஷோன்பெர்க்கின் 1912ஆம் ஆண்டு ‘பியரோ லூனேர்’: 21 கவிதைகள், ஐந்தே கலைஞர்கள், ஆனால் பாட்டுக்குப் பாட்டு கருவிச் சேர்க்கை மாறிக்கொண்டே இருக்கும். எல்லோரும் எப்போதும் வாசித்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை என்பதை அவர் அங்கிருந்து எடுத்துக்கொண்டார். பிரெஞ்சு இசையமைப்பாளர் மோரிஸ் தெலாஜ் இந்தியா வந்துபோய், குரலுக்கும் சிறு குழுவுக்கும் எழுதிய நான்கு பாட்டுகள் 1914 ஜனவரியில் பாரிஸில் அரங்கேறின. அவற்றில் முதல் பாட்டின் பெயரே ‘மதராஸ்’. இந்தியப் பாட்டின் நெளிவைக் கேட்டு வியந்த ஒருவர், பயிற்சி பெற்ற ஐரோப்பியக் குரலுக்கு எழுதியது அது. இங்கே நிலைமை தலைகீழ். நெளிவு பாடகியிடம் இருந்தது. பதில் சொல்ல வேண்டியவை கருவிகள்.

முதல் வாசிப்பில் கண்டவை

முதல் பிரதி பாடகியைப் பார்க்கும் முன்பே எழுதப்பட்டிருந்தது. ‘சொப்ரானோ’ (உயர்ந்த பெண்குரல்) என்று தலைப்பிட்டு, பாடநூல்கள் தரும் வீச்சில், மெட்டின் பெரும்பகுதியை மேலே வைத்திருந்தார் இசையமைப்பாளர். பாடகியின் ஸ்ருதி, அதாவது அவர் ஷட்ஜமாக (‘ச’) வைக்கும் ஆதார உயரம், ஐந்தரைக் கட்டை. மந்திர பஞ்சமத்திலிருந்து (கீழ் ஸ்தாயியின் ‘ப’) தார பஞ்சமம் (மேல் ஸ்தாயியின் ‘ப’) வரை அவருக்குத் தாராளமாக எட்டும். ஆனால் குரல் முழுமையாக ஒலிப்பது மத்திய ஸ்தாயியில். பிரதியில் இருந்த உச்ச ஸ்வரங்கள் அவர் எல்லைக்கு வெளியே இருந்தன. மெட்டை இறக்கிப் பாடச் சொன்னார்கள். குரல் இறங்கியதும் நேராகக் கிளாரினெட்டின் கீழ்ப்பகுதியிலும் வயோலாவின் நடுத்தந்திகளிலும் போய் விழுந்தது. ஒரே உயரத்தில் மூன்று ஒலிகள். சொல் ஒன்றுகூடக் காதில் விழவில்லை.

இரண்டாவது சிக்கல் பாடகிக்குக் கொடுத்த பயிற்சி ஒலிப்பதிவு. அவர் மேற்கத்திய ஐந்துகோட்டு இசைக்குறிப்பு வாசிப்பவர் அல்லர் என்பதால், கணினி வாசித்த மெட்டை ஒலிக்கோப்பாக அனுப்பியிருந்தார்கள். கேட்டதை அப்படியே பிடித்துக்கொள்ளும் பயிற்சி அவருக்கு உண்டு. அதனாலேயே கணினியின் தட்டையான ஸ்வரங்களை அசைவில்லாமல் அச்சாகப் பாடினார். எந்தக் குரலுக்காக அவரைத் தேடிப் போனார்களோ அந்தக் குரல் அதில் இல்லை.

மூன்றாவது, தாளம். பாட்டு முழுவதும் நாலு எண்ணிக்கை பார்களில் (தாளப் பிரிவுகளில்) எழுதப்பட்டிருந்தது. ஒவ்வொரு பாட்டிலும் கடைசி அடிக்கு முந்தைய அடியில் பாடகி தவறாமல் முன்னே போய்விட்டார். “இங்கே ஏதோ இழுத்துப் போட்டிருக்கிறது” என்றார். அவர் சொன்னது சரி. மூன்றும் நேரிசை ஆசிரியப்பா. மற்ற அடிகளுக்கு நான்கு சீர்; கடைசிக்கு முந்தைய அடியான ஈற்றயலடி மூன்றே சீர். ‘நனந்தலை யுலகமுந் துஞ்சும்’ என்பதை நாலு சீருக்கு நிரப்ப, ‘துஞ்சும்’ (தூங்கும்) என்ற சொல் இரண்டு மடங்கு நீண்டிருந்தது.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

ஸ்ருதி. வயோலாவின் திறந்த தந்திகளை மேற்கத்திய பெயரில் சொன்னால் சி, ஜி, டி, ஏ; செல்லோவிலும் அவையே, ஒரு ஸ்தாயி கீழே. ஐந்து கட்டை என்பது ஜி. அந்த ஸ்ருதியில் பாடினால் ஷட்ஜமும் பஞ்சமமும் இரு கருவிகளிலும் விரல் வைக்காமலே ஒலிக்கும். தம்புரா இல்லாமலே தம்புராவின் நிறைவு கிடைக்கும். ஐந்தரைக் கட்டையில் ஒரு திறந்த தந்திகூட உதவாது. தந்திகளை அரை ஸ்வரம் ஏற்றிக் கட்டலாமா என்று பேச்சு வந்தது. பக்கத்துத் தந்திகளும் நிலையாமல் இறங்கும் என்று செல்லோ கலைஞர் மறுத்தார். பாடகி அரைக் கட்டை இறங்க ஒப்புக்கொண்டார். அவர் வைத்த நிபந்தனை ஒன்றுதான்: முதல் பாட்டில் மந்திர பஞ்சமத்தில் நிற்கும் இடம் இனி அடித்தொண்டையில் விழும், அதை மேலே தூக்க வேண்டும். இசையமைப்பாளர் அந்த வரியை சற்று மேலே, மந்திர நிஷாதத்தில் (‘நி’) முடித்தார். எனக்கு இது முதலில் எழுதியதைவிட நன்றாகவே பட்டது, முடியாததுபோல் முடிகிறது.

குரலுக்கு இடம். ஐந்து கட்டையில் பாடகியின் மந்திர பஞ்சமமும், சாதாரண பி ஃப்ளாட் கிளாரினெட்டின் கடைசிக் கீழ் ஸ்வரமும் ஒன்றே. அதாவது கிளாரினெட்டின் கனமான கீழ்ப்பகுதி முழுவதும் பாடகியின் வீட்டுக்குள் இருக்கிறது. ஆகவே குரல் ஒலிக்கும்போது கிளாரினெட் அந்தப் பகுதிக்குள் வரக் கூடாது என்று முடிவானது. மேல்பகுதியில், மிக மெல்லிய ஒலியில், குரலுக்கு மேலே நிற்கலாம். அல்லது சும்மா இருக்கலாம். புல்லாங்குழலின் நிலைமை நேரெதிர். அதன் கீழ் ஸ்வரங்கள் பலவீனமானவை, குரலை மறைக்கா. ஆனால் குரல்தான் அவற்றை மறைத்துவிடும். அதனால் குழல் கீழே வாசிக்கும் இடங்கள் எல்லாம் பாடகி மூச்சு வாங்கும் இடைவெளிகளுக்குப் போயின. வயோலாவுக்கு மியூட் (ஒலியைத் தணிக்கும் சிறு கவ்வி) போடப்பட்டது.

காந்தாரம். மெட்டு தோடி ராகத்தின் ஸ்வரங்களை ஒட்டியது. தோடி காந்தாரம் (‘க’) ஓரிடத்தில் நிற்பதில்லை; ரிஷபத்துக்கும் மத்தியமத்துக்கும் இடையே ஆடிக்கொண்டே இருப்பதுதான் அதன் அடையாளம். முதல் பிரதியில் பாடகி காந்தாரத்தில் நிற்கும்போது கிளாரினெட்டும் அதே ஸ்வரத்தை நீளமாக ஊதியது. ஒத்திகையில் யாரோ அபஸ்வரம் வாசிப்பதுபோலவே கேட்டது. வாசித்தவரும் சுத்தமாக வாசித்தார், பாடியவரும் சுத்தமாகப் பாடினார். குரல் காந்தாரத்தில் அசையும்போது எந்தக் கருவியும் அந்த ஸ்வரத்தைத் தொடக் கூடாது; ஷட்ஜம், பஞ்சமம் அல்லது மௌனம் மட்டுமே. கருவிகள் காந்தாரத்தை எடுப்பது குரல் நின்ற பிறகு. இந்த ஒரு விதியால் மட்டும் பிரதியின் பல பக்கங்கள் காலியாகின. இசையமைப்பாளருக்கு அதில் வருத்தம் இருந்தது. படித்த ஹார்மனியெல்லாம் (பல ஸ்வரங்களைச் சேர்த்து ஒலிக்கவைக்கும் முறை) வீணாகிறதே என்றார். ஹார்மனி போய்விடவில்லை, குரலின் இடைவெளிகளுக்கு இடம் மாறியது என்பது என் கருத்து. அவர் இதை இன்னும் ஏற்கவில்லை.

எழுத்தின் நீளம். இதற்குத்தான் அதிக நேரம் செலவானது. செலவழித்ததில் தவறும் இல்லை. குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு, மெய்க்கு அரை என்பது பள்ளிக்கூடத்துப் பாடம். மெட்டுப் போடும்போது அது எளிதில் மறந்துபோகிறது. முதல் பாட்டின் முதல் எழுத்திலேயே இரண்டு எண்ணிக்கை நீளம் இருந்தது. ‘நள்’ என்று தொடங்க வேண்டிய நள்ளிரவு ‘நாள்’ என்று விடிந்துவிட்டது. பாடகி பாட்டை முதலில் வெறுமே வாசிக்க, இசையமைப்பாளர் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வோர் எழுத்துக்கும் குறி போட்டார். அதிலிருந்து ஒரு நடைமுறை உருவானது: நீண்ட ஸ்வரம் நெடிலின்மேல் மட்டும். குறில் இருக்கும் இடத்தில் நீளம் தேவைப்பட்டால், அடுத்து வரும் மெல்லின மெய்யில் நிற்கலாம். ‘துஞ்சும்’ என்ற சொல்லில் உகரத்தை இழுக்காமல் ஞகர மெய்யில் மூக்கொலியாக நின்றால் சொல் கெடாது, ஸ்வரமும் தொடரும். வல்லின மெய்யில் இதைச் செய்ய முடியாது. அங்கே ஒலி அடைபடுகிறது. அடைபடும் அந்த இடங்களைக் கருவிகள் நுழையும் வாசல்களாக இசையமைப்பாளர் வைத்துக்கொண்டார். இந்தப் படைப்பிலேயே சிறந்த யோசனை இதுதான் என்பேன்.

சீர் பிரிப்பிலும் ஒரு கேள்வி வந்தது. அச்சில் ‘நள்ளென் றன்றே’ என்று இருக்கிறது. பொருளுக்கு ‘நள்ளென்றன்றே’ ஒரே சொல். சீருக்கேற்பத் தாளம் போகட்டும், மூச்சு மட்டும் சொல் முடிந்தபிறகு என்று தீர்மானித்தார்கள். ஈற்றயலடிக்கு மூன்று எண்ணிக்கை பார். இல்லாத நாலாவது சீரை நிரப்புவதில்லை. கடைசி அடி சற்று முன்னதாகவே வந்து விழட்டும். ‘ஓர்யான் மன்ற துஞ்சா தேனே’ (நான் ஒருத்திதான் தூங்கவில்லை) அப்படி வரும்போது பாட்டில் பேசும் பெண் பொறுக்கமுடியாமல் பேசுவதுபோல் இருந்தது.

பூ விழும் ஓசை. இரண்டாம் பாட்டில், ஏழில் குன்றத்து நொச்சியின் பூக்கள் உதிரும் ஓசையைக் கேட்டபடி விழித்திருந்தோம் என்கிறாள் தோழி. வயோலாவும் செல்லோவும் ஹார்மோனிக்ஸில் (தந்தியை லேசாகத் தொட்டு எழுப்பும் மெல்லிய உயர்ந்த ஒலி) தந்தியைச் சுண்டிப் பூக்களை விழச்செய்தன. முதல் பிரதியில் பூக்கள் தாளத்தோடு விழுந்தன, அதுவும் ஏராளமாக. கூரையில் தூறல் போட்டதுபோல இருந்தது. வயோலா கலைஞர் தமிழ் தெரியாதவர். பொருளைக் கேட்டுத் தெரிந்துகொண்டதும் அவர் எழுப்பிய கேள்வி: “எவ்வளவு நேரத்துக்கு ஒரு பூ விழும்?” அதன்பிறகு ஏழு பூக்கள் மட்டும் மிஞ்சின. ஒன்றும் தாளத்தில் விழாது. சீர்களுக்கு நடுவே எங்கோ விழும். கடைசிப் பூ ‘பாடுநனி கேட்டே’ முடிந்து நெடுநேரம் கழித்து. அது வருமா வராதா என்று அரங்கு காத்திருக்க வேண்டும்.

ஔவையாரின் கூவல். மூன்றாம் பாட்டில் ‘ஆஅ ஒல்லெனக் கூவு வேன்கொல்’ என்ற அடி. ‘ஆஅ’ அளபெடை, மூன்று மாத்திரை. இசையமைப்பாளர் இங்கே நான்கு கருவிகளையும் முழு ஒலியில் ஏற்றி, பாடகியைத் தார ஸ்தாயியில் கத்தவைத்திருந்தார். ஒத்திகையில் பாடகி பாடாமல் நிறுத்திவிட்டுச் சொன்னார்: “தம்பி, அவள் கூவவில்லை. கூவட்டுமா என்றுதான் கேட்கிறாள். கூவியிருந்தால் ஊர் எழுந்திருக்குமே!” இசையமைப்பாளர் விட்டுக்கொடுக்கவில்லை. “அக்கா, மனசுக்குள் அவள் கூவிவிட்டாள், கருவிகள்தான் அந்த மனசு” என்றார். இரண்டும் சரியான வாசிப்பு. குரல் மத்திய ஷட்ஜத்தில், மிகத் தணிந்த ஒலியில் மூன்று மாத்திரையும் நிற்க, கருவிகளின் ஏற்றம் அதற்கு முந்தைய மூச்சிலேயே வெடித்து அறுந்துவிடும் என்று எழுதி, இரண்டையும் காப்பாற்றினார்கள்.

பிரதி எழுதும் முறை

பாடகிக்குத் தனிப் பிரதி: தமிழ் வரிகள், சீருக்குச் சீர் கோடு, மேலே ஸ்வரம், ஓரத்தில் எந்தக் கருவியின் எந்த ஒலியைக் கேட்டு எடுக்க வேண்டும் என்ற குறிப்பு. கமகம் எழுதப்படவில்லை, அது அவர் பொறுப்பு. மற்ற நால்வரின் பிரதியிலும் பாட்டின் எழுத்துகளை அவரவர் படிக்கும் லிபியில் போட்டோம். கருவிக் கலைஞருக்குப் பார் எண்ணுவதைவிட, ‘துஞ்சும்’ என்ற சொல்லின் கடைசி மகர மெய்யைக் கேட்டு நுழைவது எளிது என்று விரைவிலேயே தெரிந்தது. தாளம் தளரும் இடங்களில் வயோலா தலையசைத்து வழிகாட்டும். பாடகிக்குப் பக்கத்து நாற்காலி என்பதுதான் காரணம்.

அரங்கேற்றமும் பிறகும்

ஒலிபெருக்கி வைப்பதா என்று சண்டையே நடந்தது. சபா மேடைகளில் மைக் இல்லாமல் பாடியே பழக்கமில்லை என்றார் பாடகி; மைக் வைத்தால் நான்கு கருவிகளுக்கும் வைக்க வேண்டும், பிறகு சேம்பர் இசை எதற்கு என்றார் இசையமைப்பாளர். மைக் இல்லாமல் நடத்தினோம். அதற்குக் கொடுத்த விலை ஏ.சி. முதல் பாட்டின் மௌனங்களில் அதன் இரைச்சல்தான் கேட்டது என்பதால், படைப்பு முடியும்வரை அணைத்துவைத்தோம். நிகழ்ச்சி ஏப்ரலில்.

கேட்பவர்களுக்குப் பாட்டும் எளிய உரையும் அச்சடித்துக் கொடுத்திருந்தோம். மூன்றாம் பாட்டு தாளின் பின்பக்கம் இருந்தது. இரண்டாம் பாட்டின் கடைசிப் பூவுக்காக எல்லோரும் காத்திருந்தபோது, நூறு பேர் ஒரே நேரத்தில் தாளைத் திருப்பினார்கள். பூ விழுந்தது யாருக்கும் கேட்டிருக்காது.

முதல் பாட்டு நன்றாக நின்றது. இரண்டாவதைப் பலர் தேடிவந்து பாராட்டினார்கள். தமிழாசிரியர் ஒருவர், உரையைப் பார்க்காமலே வரிகள் புரிந்தன என்றார். மாத்திரைக்காகப் பட்ட பாட்டுக்கு அது போதும். மூன்றாவது தேறவில்லை. ‘அலமரல் அசைவளி’க்காக (சுழன்று அசையும் காற்று) கிளாரினெட்டும் செல்லோவும் எழுப்பிய நடுக்கம், ‘அலைப்பவென்’ என்ற சொல்லை விழுங்கிவிட்டது. ஒத்திகை அறையின் கம்பளத்தில் கேட்காத இரைச்சல், அரங்கின் மரத்தரையில் பெருகியது.

சில மாதங்களுக்குப் பின் இன்னொரு பாடகி பிரதி கேட்டார். அவர் ஸ்ருதி ஆறு கட்டை. அதற்கு ஏ தந்தி ஷட்ஜமாகும். பஞ்சமத்துக்கு வயோலாவில் திறந்த தந்தி இல்லை. முதல் பாட்டின் ஒலிக்கட்டே குலைந்துவிடும் என்பதால் இசையமைப்பாளர் மறுத்துவிட்டார். ஒரு கட்டையிலோ இரண்டு கட்டையிலோ பாடும் ஆண்குரல் என்றால் ஷட்ஜ பஞ்சமங்கள் இரண்டும் திறந்த தந்திகளிலேயே கிடைக்கும். அதற்கான பிரதி தயாராகிறது. அதில் குரல் ஒரு ஸ்தாயிக்குக் குறையாத வீச்சில் செல்லோவோடு உராயும் என்பதால், கிளாரினெட்டுக்குப் போட்ட விதிகள் அங்கே செல்லோவுக்குப் போக வேண்டும்.

அடுத்த முறை மாற்ற வேண்டியவை

பாடகர் யாரென்று தெரிவதற்கு முன் ஒரு ஸ்வரமும் எழுதப்படக் கூடாது என்பதில் இப்போது இசையமைப்பாளர், பாடகி இருவருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. முதல் சந்திப்பில் பாடகர் கவிதையை வாசிக்க வேண்டும், பிறகு தம் ஸ்ருதியில் தமக்குத் தோன்றியபடி முனக வேண்டும்; அதைப் பதிவுசெய்துகொண்டுதான் கருவிகளுக்கு எழுதத் தொடங்குவது. கணினி வாசித்த மெட்டைப் பயிற்சிக்கு அனுப்புவதில்லை. வயோலாவில் வாசித்த பதிவு போதும்.

ஒத்திகைகளில் கடைசி சிலவாவது நிகழ்ச்சி நடக்கும் அரங்கிலேயே நடக்க வேண்டும். வாடகைச் செலவு கூடும். அதற்காக ஒரு கருவியைக் குறைத்துக்கொள்வதுகூடத் தகும். பாட்டுத்தாள் ஒரே பக்கத்தில், எழுத்து சிறியதானாலும் பரவாயில்லை.

திருத்திய பிரதியில் மூன்றாம் பாட்டுக்குக் கிளாரினெட் இல்லை. குழல் கலைஞர் ஸ்வரமில்லாமல் ஊதும் வெறுங்காற்றே ‘அசைவளி’யாகிறது; செல்லோ, தந்திகளைத் தாங்கும் பாலத்தருகே வில்லை இழுத்து அதற்குத் துணைபோகிறது. கிளாரினெட் கலைஞர் அதுவரை மேடையில் உட்கார்ந்திருப்பதா, இரண்டாம் பாட்டு முடிந்ததும் எழுந்து போவதா என்பது மட்டும் இன்னும் தீரவில்லை. எழுந்து போனால் நாற்காலி கிறீச்சிடும் என்கிறார் பாடகி.